ஆசிரியை வராத நாளின் செலவு

நீலகிரியின் சிறு தனியார் பள்ளித் தாளாளர்களுக்கு ஒரு திறந்த மடல்



லவ்டேல் லாரன்ஸ் பள்ளியும் குன்னூர் ஸ்டேன்ஸ் பள்ளியும் 1858-இல் தொடங்கியவை. அவற்றைப் போன்ற பெரிய பள்ளிகளுக்காக நான் இதை எழுதவில்லை. அங்கே ஓர் ஆசிரியர் உடம்புக்கு முடியாமல் படுத்தால் வகுப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும், ஆள் போடப் பணமும் இருக்கும். கோத்தகிரி, கட்டபெட்டு, கேத்தி, மஞ்சூர், தேவாலா, பந்தலூர், சேரம்பாடி என்று மலை முழுவதும் சிதறிக்கிடக்கும் சின்னப் பள்ளிகளை நடத்துகிறீர்களே, உங்களுக்காக எழுதுகிறேன். பதினைந்து ஆசிரியர்கள், ஓர் ஆயா, ஒரு வாட்ச்மேன், இரண்டு வேன்கள், அவற்றுக்கு டிரைவர்கள். படுகர் ஹட்டிகளிலிருந்தும் எஸ்டேட் லைன்களிலிருந்தும் அரசுத் தேயிலைக் கழகமான டேன்டீயின் குடியிருப்புகளிலிருந்தும் வரும் பிள்ளைகள். பச்சைத் தேயிலை விலை இறங்கிய மாதம் ஃபீஸ் பாக்கி விழும் பள்ளிகள்.

என் வேலைக்காலம் இப்படிப்பட்ட பள்ளிகளில்தான் கழிந்தது. உங்கள் கணக்குப் புத்தகத்தில் என்னென்ன தலைப்புகள் இருக்கும் என்று ஓரளவு அறிவேன். அதில் இல்லாத ஒரு தலைப்பைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். ஆசிரியர் வராத நாட்களின் செலவு அது.

கட்டடத்துக்குத் தீ இன்சூரன்ஸ் வைத்திருக்கிறீர்கள். வேனுக்குச் சட்டப்படியே வைத்தாக வேண்டும். பிள்ளைகளுக்கு விபத்து பாலிசி எடுத்தவர்களும் உங்களில் உண்டு. இவை எல்லாவற்றையும்விட அடிக்கடி நேரும் இழப்புக்கு மட்டும் எந்த ஏற்பாடும் இல்லை. பள்ளிக் கட்டடம் தீப்பிடித்ததை நம்மில் பலர் வாழ்நாளில் பார்த்ததில்லை. ஆனால் ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று மலையேறியதும், சளி, காய்ச்சல், இளைப்பு, தொண்டைக்கட்டு என்று யாராவது ஒருவர் லீவ் சொல்லாத வாரமே கிடையாது. குந்தா பக்கமும் கூடலூர் பக்கமும் மழை எப்படிப் பெய்யும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2019 ஆகஸ்ட் 8-ஆம் தேதி அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. அப்படிப்பட்ட நாட்களில் கலெக்டரே லீவு விட்டுவிடுகிறார், பள்ளிக்குச் சிக்கல் இல்லை. சிக்கல் அதற்கடுத்த வாரத்தில் வருகிறது. பள்ளி திறந்திருக்கும், பிள்ளைகள் வந்திருப்பார்கள், மண் சரிந்த பாதையில் பஸ் ஓடாததால் இரண்டு ஆசிரியைகள் வந்து சேர மாட்டார்கள். வருகிறவர்களிலும் பாதிப்பேர் நனைந்து வந்து மறுநாள் படுத்துவிடுவார்கள்.

அந்த நாளில் நாம் என்ன செய்கிறோம்? காலை பிரேயர் முடிவதற்குள் தலைமையாசிரியை ஒரு துண்டுச் சீட்டில் சப்ஸ்டிட்யூஷன் எழுதுகிறார். மற்ற ஆசிரியைகளின் ஃப்ரீ பீரியடெல்லாம் அதில் போய்விடும். நான்காம் வகுப்பையும் ஐந்தாம் வகுப்பையும் ஒரே அறையில் உட்கார வைக்கிறோம். ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் பாடத்துக்குத் தமிழ் ஆசிரியை போய் நின்று, "சத்தம் போடாமல் படிங்க" என்கிறார். வராத ஆசிரியைக்கு அந்த நாள் சம்பளத்தைப் பிடித்துவிடுகிறோம். பள்ளிக்குக் கைப்பணம் எதுவும் செலவாகவில்லை, ஆகவே இதற்குச் செலவே இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம்.

அந்த நாளுக்கான விலையை மூன்று தரப்பினர் கொடுக்கிறார்கள். நோயாளி தன் சம்பளத்தில் கொடுக்கிறார். உடன் வேலை செய்பவர்கள் தங்கள் ஓய்விலும் தொண்டையிலும் கொடுக்கிறார்கள், அடுத்து படுக்கப்போவதும் அவர்கள்தான். பிள்ளைகள் நடக்காத பாடத்தில் கொடுக்கிறார்கள். ஜனவரியில் பத்தாம் வகுப்பு அறிவியல் ஆசிரியை மூன்று வாரம் வரவில்லை என்றால், அந்த மூன்று வாரத்தை மார்ச் மாதப் பொதுத்தேர்வுக்கு முன் யாராலும் திருப்பித்தர முடியாது.

ஆசிரியர்கள் சோம்பலில் லீவ் போடுகிறார்கள் என்று உங்களில் சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அசீம் பிரேம்ஜி பவுண்டேஷன் 2017-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஆறு மாநிலங்களில் 619 அரசுப் பள்ளிகளுக்கு நேரில் போய், 2,861 ஆசிரியர்களின் வருகையைப் பார்த்தார்கள். போன நாளில் பள்ளியில் இல்லாதவர்கள் 18.5 சதவீதம். காரணமே இல்லாமல் வராதவர்களோ 2.5 சதவீதம்தான். மற்றவர்கள் முறையான விடுப்பிலோ அரசு வேலையாகவோ பயிற்சிக்கோ போயிருந்தார்கள். அரசுப் பள்ளியிலேயே நிலைமை இதுவென்றால், ஒரு நாள் வராவிட்டால் ஒரு நாள் சம்பளம் போகும் உங்கள் பள்ளியில் யார் வேண்டுமென்றே லீவ் போடுவார்? காய்ச்சலோடு வந்து, மேசையில் தலை சாய்த்துக்கொண்டே நோட்டுத் திருத்தியவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இனி, எழுதக் கஷ்டமாக இருந்தாலும் எழுதியே ஆக வேண்டிய ஒன்று. நம் பள்ளிகளில் ஆசிரியை கருவுற்றால் என்ன நடக்கிறது? ஐந்தாறு மாதம் வரை வேலை பார்க்கிறார். பிறகு "வீட்டில் ஓய்வெடுங்கம்மா, குழந்தை பிறந்து வசதிப்பட்டால் வாங்க, இடம் இருந்தால் பார்க்கலாம்" என்று கனிவாகச் சொல்லப்படுகிறது. ராஜினாமாக் கடிதம் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளப்படுகிறது. திரும்பி வரும்போது புதிதாகச் சேர்பவராக, ஆரம்பச் சம்பளத்தில் வருகிறார். இதைச் செய்தவர்கள் கெட்டவர்கள் அல்லர் என்று எனக்குத் தெரியும். ஆறு மாதச் சம்பளத்தை வீட்டில் இருப்பவருக்கும் கொடுத்து, அவருடைய இடத்தில் வேலை பார்ப்பவருக்கும் கொடுக்க அவர்களிடம் பணம் இல்லை. ஆனால் சட்டம் தெளிவாக இருக்கிறது. 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு கூடிய பிரசவ விடுப்பு தனியார் நிறுவனத்துப் பெண்ணுக்கும் உரிமை. தமிழக அரசு தன் ஊழியர்களுக்கு அதையே 2021 ஜூலை முதல் 12 மாதமாக்கிவிட்டது. ஒரே ஊரில், ஒரே பி.எட். படித்த இரண்டு பெண்கள். அரசுப் பள்ளியில் இருப்பவருக்கு ஒரு வருஷம் சம்பளத்தோடு விடுப்பு, உங்கள் பள்ளியில் இருப்பவருக்கு ராஜினாமா.

பணம் இல்லை என்ற அந்தக் காரணத்துக்கு நம் நாட்டுச் சட்டத்திலேயே ஓர் இன்சூரன்ஸ் இருக்கிறது. 1948-ஆம் ஆண்டு ஊழியர் அரசுக் காப்பீட்டுச் சட்டம், அதாவது ஈ.எஸ்.ஐ. மில் தொழிலாளிக்கும் ஃபேக்டரி தொழிலாளிக்கும் உரியது என்று நாம் ஒதுக்கிவைத்த அதே ஈ.எஸ்.ஐ.தான். 2010 நவம்பர் 26-ஆம் தேதி தமிழக அரசு தனியார் கல்வி நிறுவனங்களையும் அதற்குள் கொண்டுவந்து அறிவிப்பு வெளியிட்டது. பள்ளிகளின் சங்கங்கள் வழக்குப் போட்டன. பள்ளி என்ன தொழிற்சாலையா என்ற வாதம் பல வருஷம் நடந்தது. 2020-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு அந்த அறிவிப்பு செல்லும் என்று தீர்ப்பளித்தது. இப்போது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில், ஈ.எஸ்.ஐ. சில பகுதிகளுக்கு மட்டும் என்ற பழைய வரம்பும் எடுக்கப்பட்டுவிட்டது. பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் நிறுவனம் சேர்ந்தாக வேண்டும். பத்துக்குக் குறைவானவர்கள் உள்ள நிறுவனமும், முதலாளியும் ஊழியர்களும் ஒப்பினால், விரும்பிச் சேரலாம்.

கணக்கைப் பார்ப்போம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் இதில் வருவார்கள். பள்ளி கட்ட வேண்டியது சம்பளத்தில் 3.25 சதவீதம், ஊழியரிடம் பிடிப்பது 0.75 சதவீதம். 15,000 ரூபாய் வாங்கும் ஆசிரியைக்காகப் பள்ளி கட்டுவது மாதம் 487 ரூபாய் 50 காசு, ஆசிரியை தருவது 112 ரூபாய் 50 காசு. அப்படிப் பத்துப் பேர் இருந்தால் பள்ளிக்கு வருஷத்துக்கு 58,500 ரூபாய் ஆகிறது. அவர்களில் ஒரே ஒருவர் 26 வாரப் பிரசவ விடுப்பில் போனால் அவருக்குப் போக வேண்டிய சம்பளம் 91,000 ரூபாய். அந்தத் தொகையை ஈ.எஸ்.ஐ. கழகம் நேரே அவருடைய வங்கிக் கணக்கில் போடுகிறது. பள்ளி அந்தப் பொறுப்பிலிருந்து விடுபடுகிறது.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஈ.எஸ்.ஐ. பள்ளிக்குப் பணம் தருவதில்லை, ஆசிரியைக்குத்தான் தருகிறது. ஆனால் அவர் விடுப்பில் இருக்கும் ஆறு மாதமும் அவருடைய சம்பளம் உங்கள் கையிலேயே இருக்கிறது. அதைக் கொண்டு அதே சம்பளத்துக்கு வேறொருவரை ஆறு மாதத்துக்கு நியமிக்கலாம். சம்பளப் பட்டியலில் கூடுதலாக ஒரு ரூபாய் ஏறாது. வீட்டில் இருப்பவருக்கும் பணம் போகும், வகுப்பில் நிற்பவருக்கும் போகும். இங்கிலாந்தில், ஆசிரியர் வராத நாட்களுக்கு ஆள் போடப் பள்ளிகள் தனியார் கம்பெனியிடம் காசு கொடுத்து வாங்கும் பாதுகாப்பின் பெரும்பகுதி, நம் சட்டத்தில் இந்த 3.25 சதவீதத்துக்குள்ளேயே இருக்கிறது.

நோய்க்கும் அப்படியே. மருத்துவச் சான்று இருந்தால் வருஷத்துக்கு 91 நாள் வரை, தினசரிச் சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்காலப் பணமாகக் கிடைக்கும். காசநோய், புற்றுநோய் போன்ற 34 நீண்டகால நோய்களுக்கு 80 சதவீதம் வீதம் இரண்டு வருஷம் வரை நீட்டிக்க வழி இருக்கிறது. 15,000 ரூபாய் சம்பளக்காரருக்கு 91 நாளும் கிடைத்தால் 31,850 ரூபாய். கைக்காசு இல்லாமல், மாமியார் வீட்டுக்கும் பதில் சொல்ல முடியாமல் காய்ச்சலோடு பஸ் ஏறும் ஒரு பெண்ணுக்கு அது சின்னத் தொகை அல்ல. இந்தப் பலன்களைப் பெறும் காலத்தில் அவரை வேலையை விட்டு நீக்கவும் கூடாது.

உங்கள் மறுப்புகளை நான் அறிவேன். "ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை கோவை சிங்காநல்லூரில் இருக்கிறது, மலையிலிருந்து யார் இறங்கிப் போவார்கள்?" நியாயமான கேள்வி. நம் மாவட்டத்தில் ஈ.எஸ்.ஐ. மருத்துவ வசதி பெருக வேண்டும் என்று நாமெல்லாம் சேர்ந்து கேட்கத்தான் வேண்டும். ஆனால் மருத்துவமனை தூரம் என்பதற்காக, வங்கிக் கணக்குக்கு வரும் நோய்க்காலப் பணத்தையும் பிரசவப் பணத்தையும் வேண்டாம் என்பது சரியாகாது. "புதிதாகச் சேர்ந்தவருக்கு உடனே கிடைக்காதே?" உண்மைதான். முதன்முறை சேர்பவர் ஏறத்தாழ ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும், குறிப்பிட்ட நாட்களுக்குச் சந்தாவும் கட்டியிருக்க வேண்டும். அதனால்தான் வருகிற ஜூனில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாது என்கிறேன். "பதிவு செய்தால் இன்ஸ்பெக்ஷன் வரும்." வரட்டுமே. பதினெட்டுப் பேர் வேலை பார்க்கும் இடத்தில் ஒன்பது பேரை மட்டும் ரிஜிஸ்டரில் காட்டும் பழக்கம் சில இடங்களில் இருப்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பிள்ளைகளுக்கு நேர்மையைப் பாடமாக நடத்தும் இடத்தில் அப்படி ஒரு ரிஜிஸ்டர் இருக்கக் கூடாது.

ஈ.எஸ்.ஐ.யால் ஆகாதவையும் உண்டு. நோயின் முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. 21,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் சீனியர் ஆசிரியர்கள் அதில் வரமாட்டார்கள். மிக முக்கியமாக, நாளைக் காலை எட்டரை மணிக்கு ஐந்தாம் வகுப்பில் வந்து நிற்க ஓர் ஆளை அது அனுப்பாது. நான்கைந்து நாள் முதல் இரண்டு வாரம் வரை நீளும் விடுப்புகள்தான் பள்ளியை ஆட்டிவைக்கின்றன. ஆள் போட அது குறைவான காலம், ஆள் இல்லாமல் ஓட்ட நீண்ட காலம். இந்த இடைவெளிக்குத்தான் நாமே ஓர் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இங்கிலாந்தில் மாற்று ஆசிரியர் செலவுக்கான இப்படிப்பட்ட ஏற்பாடு எப்படி வந்தது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கே முன்பு உள்ளாட்சிக் கல்வித்துறையே மாற்று ஆசிரியரை அனுப்பும், சம்பளமும் கொடுக்கும். 1988-ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தச் சட்டம் பட்ஜெட்டைப் பள்ளிகளின் கையிலேயே கொடுத்தது. அதோடு மாற்று ஆசிரியர் செலவும் பள்ளியின் தலையில் விழுந்தது. இரண்டு ஆசிரியர் நீண்ட நாள் படுத்தால் ஒரு சின்னப் பள்ளியின் புத்தகப் பணமெல்லாம் அதில் போய்விடும். அப்போது இரண்டு வழிகள் பிறந்தன. கம்பெனிகள் பாலிசி விற்றன. பல கவுன்டிகளில் பள்ளிகள் ஒன்றுகூடிப் பொது நிதி வைத்துக்கொண்டன. பாலிசியின் அமைப்பு எளிமையானது. எத்தனையாவது நாளிலிருந்து பணம் வேண்டும், ஒரு நாளுக்கு எவ்வளவு வேண்டும் என்பதைப் பள்ளியே தேர்ந்தெடுக்கும். முதல் நாளிலிருந்தே வேண்டுமென்றால் பிரீமியம் அதிகம், பத்து நாள் பொறுத்தால் குறைவு. பள்ளி நடக்கும் நாட்களுக்கு மட்டும் பணம் உண்டு.

அதில் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய ஒன்றும் இருக்கிறது. கம்பெனி பாலிசியில் ஏற்கனவே உள்ள நோய்களை விலக்குவார்கள். இந்த வருஷம் கிளெய்ம் கூடினால் அடுத்த வருஷம் பிரீமியம் கூடும். அப்போது தலைமையாசிரியரின் பார்வை மாறும். சர்க்கரை நோய் உள்ளவரை வேலைக்கு எடுக்கலாமா, புதிதாகக் கல்யாணமானவரை எடுக்கலாமா என்ற யோசனை வரும். அப்படி ஒரு யோசனை நம் பள்ளிகளுக்குள் நுழையக் கூடாது. ஆகவே கம்பெனியிடம் போவதற்கு முன் நமக்குள் ஒரு பொது நிதி வேண்டும் என்பது என் கருத்து.

பொது நிதிக்கு எடுத்துக்காட்டு தேட இங்கிலாந்து வரை போக வேண்டியதில்லை. கூடலூரில் ஆதிவாசி முன்னேற்றச் சங்கமும் அக்கார்டு, அஷ்வினி அமைப்புகளும் சேர்ந்து 1992-லேயே ஒரு மருத்துவக் காப்பீட்டை நடத்திக் காட்டின. பணியர், காட்டுநாயக்கர், பெட்டக் குறும்பர், முள்ளுக் குறும்பர் குடும்பங்கள் ஆண்டுக்கு ஒருமுறை சின்னச் சந்தா கட்டுவார்கள். அமைப்பு அவர்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து நியூ இந்தியா அஷ்யூரன்ஸிடம் குழு பாலிசி எடுத்தது, பிறகு ராயல் சுந்தரத்திடம் எடுத்தது. கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையில் சந்தாதாரர் கையிலிருந்து பணம் கொடுக்காமல் சிகிச்சை பெற்றார். பாலிசியில் கம்பெனி விலக்கிய சிலவற்றையும் அமைப்பே ஏற்றுக்கொண்டது. நாடு முழுவதும் மருத்துவக் காப்பீட்டைப் பற்றி அரசுகள் பெரிதாகப் பேசத் தொடங்குவதற்கு எத்தனையோ வருஷம் முன்பு நடந்தது இது. தினக்கூலிக்குப் போகும் பணியர் குடும்பம் கட்ட முடிந்த ஒரு பொதுச் சந்தாவை நம் பள்ளிகளால் கட்ட முடியாது என்று சொன்னால் அது நம்பும்படியாக இல்லை.

இன்னொன்றும் நம் கண்முன்னே இருக்கிறது. தனியார் ஃபேக்டரி சொன்ன விலைக்குத் தழை போட வேண்டியிருந்த சிறு தேயிலை விவசாயிகளுக்காக 1962-இல் குந்தாவில் முதல் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை எழுந்தது. 1965-இல் அவற்றுக்கெல்லாம் கூட்டமைப்பாக இண்ட்கோசர்வ் வந்தது. அந்த ஃபேக்டரிகளின் குறைகளைப் பேச ஆரம்பித்தால் ஹட்டியில் இரவு விடிந்துவிடும். ஆனாலும் தனித்தனியே நின்றால் தாங்காத சுமையைச் சேர்ந்து தூக்கலாம் என்பதை இந்த மலை அறுபது வருஷத்துக்கு முன்பே செய்து பார்த்திருக்கிறது. உங்களில் பலர் அந்தச் சிறு விவசாயிகளின் பிள்ளைகள்.

என் யோசனை இது. பக்கத்துப் பக்கத்திலுள்ள பன்னிரண்டு பள்ளிகள் சேரட்டும். பள்ளிக்குப் பதினைந்து ஆசிரியர் என்றால் மொத்தம் 180 பேர். ஓர் ஆசிரியருக்கு மாதம் நூறு ரூபாய் வீதம் பள்ளி கட்ட வேண்டும். பள்ளிதான் கட்ட வேண்டும், ஆசிரியரின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. வருஷத்துக்கு 2,16,000 ரூபாய் சேரும். மாற்று ஆசிரியருக்கு ஒரு நாளுக்கு 600 ரூபாய் என்றால், 360 நாட்களுக்கு ஆள் போடலாம். முதல் மூன்று நாளைப் பள்ளி தானே சமாளிக்கட்டும். நான்காம் நாளிலிருந்து பதினைந்தாம் நாள் வரை நிதி பணம் தரட்டும். அதற்கு மேல் நீண்டால், ஈ.எஸ்.ஐ.யில் இருப்பவருடைய சம்பளம் பள்ளியின் கையில் மிஞ்சும், அதிலிருந்து ஆள் போட்டுக்கொள்ளலாம். 21,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர்களுக்கு மட்டும் நிதி இன்னும் சில வாரம் கை கொடுக்கலாம்.

600 ரூபாய் என்று எங்கிருந்து எடுத்தேன் என்று கேட்கலாம். அரசுப் பள்ளிகளில் காலியிடங்களுக்குப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர்களை எடுக்கிறார்கள். 2022-இல் தொடங்கியபோது இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000 ரூபாய். இவ்வளவு குறைவா என்று ஆசிரியர் அமைப்புகள் எதிர்த்தன. பிறகு அது 12,000, 15,000, 18,000 என்று உயர்ந்தது. 15,000-ஐ 25 வேலை நாளுக்கு வகுத்தால் 600. அதற்குக் கீழே போவது நியாயமாக இருக்காது.

ஆள் எங்கே கிடைப்பார் என்று கேட்காதீர்கள். பி.எட். முடித்துவிட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கும் பெண்கள் ஒவ்வொரு ஹட்டியிலும் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் குன்னூரிலும் அருவங்காட்டிலும் வெலிங்டனிலும் நிறையவே இருக்கிறார்கள். முழுநேர வேலைக்கு வர முடியாத இவர்கள், வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் கூப்பிட்டால் வருவார்கள். பன்னிரண்டு பள்ளிகளுக்கும் பொதுவாக ஒரு பெயர்ப் பட்டியல் வேண்டும். யார் எந்தப் பாடம், எந்த ஊர், காட்டெருமை நடமாட்டமுள்ள பாதையில் அதிகாலையில் தனியாக நடக்க வேண்டியிராமல் வேனில் ஏற்றிவர முடியுமா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். பணத்தைவிட அந்தப் பட்டியல் பெரிய சொத்து. ஒரே பள்ளி அப்படி ஒரு பட்டியல் வைத்துக்கொண்டால், அதில் இருப்பவருக்கு மாதம் ஒரு நாள் வேலைகூடக் கிடைக்காது, அவர் வேறிடம் பார்த்துப் போய்விடுவார். பன்னிரண்டு பள்ளிகள் கூப்பிட்டால் அவருக்கும் அது ஒரு வருமானம்.

எழுதி வைக்க வேண்டிய கட்டுப்பாடுகள் சில உண்டு. மருத்துவச் சான்று போதும், என்ன நோய் என்று நிதிக்குழு விசாரிக்கக் கூடாது. ஒரு பள்ளி அதிகம் பயன்படுத்தியது என்பதற்காக அதன் சந்தாவை அந்த வருஷமே கூட்டக் கூடாது. கணக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாப் பள்ளிகளின் ஆசிரியர் அறையிலும் ஒட்ட வேண்டும். குழுவில் தாளாளர்கள் மட்டும் இல்லாமல் ஆசிரியைகளும் பாதிக்குப் பாதி இருக்க வேண்டும்.

சட்ட விஷயத்திலும் கவனம் தேவை. இன்சூரன்ஸ் என்று பெயர் வைத்துப் பிரீமியம் வசூலிக்க 1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டப்படி பதிவுச் சான்று வேண்டும். நாம் வைத்துக்கொள்வது பரஸ்பர உதவி நிதி. அதை முறையாகச் சங்கமாகப் பதிவு செய்து, ஒரு நல்ல ஆடிட்டரின் வழிகாட்டுதலோடு நடத்த வேண்டும். இரண்டு வருஷம் நடந்தால், எந்த மாதம் எத்தனை நாள் விடுப்பு, எவ்வளவு செலவு என்ற கணக்கு நம் கையில் இருக்கும். அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு ஒரு ஜெனரல் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் போகலாம். பெரும்பாலான புதிய பாலிசிகளை முன் அனுமதிக்குக் காத்திராமல் சந்தைக்குக் கொண்டுவர 2022 ஜூனில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வழி திறந்துவிட்டது. சென்னையிலேயே தலைமையகம் வைத்திருக்கும் யுனைடெட் இந்தியா போன்ற பொதுத்துறைக் கம்பெனியிடம், நிதியால் தாங்க முடியாத பெருநோய்க் காலத்துக்கு மட்டும் ஒரு குழு பாலிசி கேட்கலாம். கணக்கில்லாமல் தனிப் பள்ளியாகப் போனால் யாரும் காதுகொடுத்துக் கேட்க மாட்டார்கள்.

அரசுப் பள்ளிகளைப் பற்றி ஒரு வார்த்தை. பந்தலூர், கூடலூர்ப் பக்கத்து ஈராசிரியர் பள்ளிகளில் ஒருவர் விடுப்பு எடுத்தால் பாதிப் பள்ளியே நின்றுவிடுகிறது. அவர்களுக்கு வேண்டியது இன்சூரன்ஸ் அல்ல. வட்டாரத்துக்குச் சில ஆசிரியர்களை விடுப்புக்கென்றே நிரந்தரமாக நியமிப்பதுதான் வழி. அதை அரசிடம்தான் கேட்க வேண்டும், அது வேறு மடல்.

தாளாளர்களே, உங்களிடம் நான் கேட்பது இரண்டு. உங்கள் பள்ளி ஈ.எஸ்.ஐ.யில் பதிவாகியிருக்கிறதா, ஆயாவும் டிரைவரும் உட்பட எல்லோர் பெயரும் அதில் இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். இல்லையென்றால் பதிவு செய்யுங்கள். அடுத்து, கடந்த கல்வியாண்டின் வருகைப் பதிவேட்டை எடுத்து, ஆசிரியர்கள் வராத நாட்களை மாதவாரியாக எண்ணி ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளோடு உங்கள் வட்டாரத்தில் நான்கு தாளாளர்கள் ஓரிடத்தில் உட்கார்ந்தாலும் போதும். மே மாதச் சீசன் கூட்டம் இறங்கி, ஜூனில் பள்ளி திறப்பதற்கு முன் அந்தச் சந்திப்பை நடத்துங்கள். நிதியின் விதிகளை எழுதவும், மாற்று ஆசிரியர் பட்டியலைத் தயாரிக்கவும், வீடுவீடாகப் போய் ஓய்வுபெற்றவர்களைக் கேட்கவும் என்னைப் போன்றவர்கள் இருக்கிறோம். கூப்பிடுங்கள், வருகிறோம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
குன்னூர்